பக்கிளுக்கு வயசு பார்த்த கதை

முப்பத்தாறு வருஷம் பவுண்டரியில், பேட்டர்ன் ஷாப்பில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விடும். எந்தப் பித்தளைச் சாமானைக் கையில் எடுத்தாலும் அதன் அழகு கண்ணில் படாது. உலோகம் எந்தப் பக்கமாக உள்ளே ஓடியது, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு எங்கே, அரம் எங்கே பட்டிருக்கிறது என்றுதான் கண் போகும். குத்துவிளக்கைக்கூட கவிழ்த்துத்தான் பார்ப்பேன். வீட்டம்மா கையைத் தட்டிவிடுவாள். இந்தப் பழக்கத்துக்கு, ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு உபயோகம் கிடைத்தது.

மகள் இருப்பது யார்க் நகரத்துக்கு மேற்கே ஒரு கிராமம். ஆகஸ்ட் கடைசியில் போனோம், நவம்பரில் திரும்பினோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபத்தெட்டு வயசு. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் வீட்டுக்குள் அவரை "டிரைவர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் மெட்டல் டிடெக்டரும் சின்ன மண்வெட்டியுமாக, கோதுமை அறுத்த காடுகளில் நடப்பார். "சும்மா நடக்கிறதுக்கு நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டார். போனேன்.

"ஏனுங்க, சொந்தக் காட்டுல ஒரு நாள் குனிஞ்சு களை புடுங்குனது கெடையாது, இங்க வந்து அடுத்தவன் காட்டைத் தோண்டப் போறீங்களாக்கும்" என்றாள் வீட்டம்மா. நியாயம்தான்.

அந்த ஊரில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. ஆனால் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. காட்டுக்காரர் சம்மதம் வேண்டும். அரசாங்கம் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய இடங்களில் அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்தினால் குற்றம். பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ கலந்த, 300 வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால், 1996-ஆம் வருஷச் சட்டப்படி 14 நாளுக்குள் கரோனர் என்கிற அதிகாரிக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். தனிக்காசுகளுக்கு வேறு கணக்கு. நம் ஊரிலும் 1878-ல் போட்ட புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. பூமிக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருள் எது கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்! இன்றைக்கு ஒரு டீ வராது.

சாதாரண பித்தளை, வெண்கலச் சாமான்களுக்கு இங்கிலாந்தில் கட்டாயம் எதுவும் இல்லை. விருப்பம் இருந்தால் பதிவு செய்யலாம். அதற்கென்று 1997-ல் தொடங்கிய ஒரு திட்டம் இருக்கிறது, போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்று பெயர். மாவட்டம்தோறும் ஒரு அதிகாரி. நீங்கள் கண்டெடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அளந்து, எடை போட்டு, போட்டோ எடுத்து, என்ன பொருள், எந்தக் காலம் என்று எழுதிவைத்துவிட்டு உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இப்படி 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. யாரும் கட்டாயப்படுத்தாமல் ஜனங்கள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு நாள் கிடைத்தது பூராவும் டின் மூடி வளையம், தோட்டா மூடி, டிராக்டர் நட்டு. மூன்றாவது நாள், செப்டம்பர் நடுவில், கருவி சுத்தமாக ஒரு சத்தம் கொடுத்தது. இரும்பு என்றால் உறுமும், இது மணி மாதிரி. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. மண்ணை உதிர்த்ததும் பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பக்கிள். மூக்குக்கண்ணாடி போல இரண்டு வளையம், நடுவில் ஒரு தண்டு. முள் இல்லை.

டிரைவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "மார்ஸ்டன் மூர்" என்றார்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மார்ஸ்டன் மூர் என்றால் நமக்குப் பானிபட் மாதிரி. ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1644 ஜூலை 2-ஆம் தேதி சாயங்காலம் அங்கே பெரிய சண்டை. இரண்டு பக்கமும் சேர்த்து 40,000 பேருக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ராஜா பக்கத்தில் மட்டும் 4,000 பேர் செத்ததாகச் சொல்கிறார்கள். அந்த மைதானம் இந்தக் காட்டிலிருந்து ஆறு மைல். ஆறு மைல் தள்ளி எப்படி என்று கேட்டால் அதற்கும் டிரைவரிடம் பதில் இருந்தது. சண்டைக்கு முன்னால் ஏப்ரல் கடைசியிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் பார்லிமெண்டுப் படையும் ஸ்காட்லாந்துப் படையும் யார்க் நகரத்தை முற்றுகை போட்டு உட்கார்ந்திருந்தன. சுற்றுவட்டாரத்தில் அவர்கள் கால் படாத கிராமம் கிடையாது. குதிரைப்படைக்காரன் ஒருவன் பெல்ட் அறுந்து விழுந்திருக்கக்கூடாதா?

அவர் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல மனசு வராது. ஆனால் அவர் கேட்டது என் அபிப்பிராயத்தை. "நீங்கள் வார்ப்புக்காரர். பார்த்துச் சொல்லுங்கள்" என்று கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரில் நனைத்து, மெல்லிய பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுத்தோம். வீட்டம்மா எட்டிப் பார்த்து, "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வந்துருமே" என்றாள். மகள் அதை மொழிபெயர்த்ததும் டிரைவர் பக்கிளைக் கையால் மூடிக்கொண்டார். அந்தப் பச்சைத்தோல்தான் அதற்குக் கவசம். புளியோ எலுமிச்சையோ பட்டால் தோல் போய்விடும், மேலே இருக்கும் அரக் கோடு, தேய்மானம் எல்லாம் அதோடு போய்விடும். உரம் போட்ட காட்டு மண்ணே இந்தச் சாமான்களை அரித்துக்கொண்டிருக்கிறது, நாம் வேறு சேர வேண்டாம்.

பேரனின் வெர்னியரை வாங்கி அளந்தேன். நீளம் 38 மில்லிமீட்டர். நடுத்தண்டின் உள்நீளம் 22. அப்படியானால் தோல்வார் ஒரு அங்குலத்துக்கும் குறைவான அகலம். இதைவிடச் சிறியதாக இருந்தால் செருப்பு, குதிமுள் வார் என்று சந்தேகப்படலாம். இது இடுப்புக்கே பொருத்தம். மார்பில் குறுக்கே போட்டுக் கத்தி தொங்கவிடும் அகலமான பட்டைக்குப் போதாது.

பின்பக்கம் தட்டை. முன்பக்கத்து விளிம்பு அரம் பிடித்துச் சரிவாக்கியது. நடுத்தண்டும் வளையமும் ஒரே வார்ப்பு, தனியாகச் சொருகியது அல்ல. வயசு பார்ப்பதற்கு இதுதான் முக்கியமான இடம். டிரைவர் அலமாரியில் ராஸ் ஒயிட்ஹெட் என்பவர் பக்கிள்களுக்காகவே எழுதிய புத்தகம் இருந்தது. 1250-லிருந்து 1800 வரை, பக்கத்துக்குப் பக்கம் பக்கிள். அதை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். 'ட' எழுத்தை வளைத்தது மாதிரி ஒற்றை வளையமும் தகடும் இருந்தால் 13, 14-ஆம் நூற்றாண்டுப் பக்கம். கண்ணாடி மாதிரி இரட்டை வளையம் 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்து, 17-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை ஓடியிருக்கிறது. அதற்கப்புறம் சட்டத்தின் இரண்டு பக்கமும் துளை போட்டு, தனியாக ஒரு இரும்புக் கம்பியைத் தண்டாகச் சொருகும் முறை பரவுகிறது. சாமுவேல் பீப்ஸ் என்று லண்டனில் ஒரு அரசாங்க உத்தியோகஸ்தர், நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்றவர். 1660 ஜனவரி 22-ஆம் தேதி, இன்றைக்குத்தான் என் ஷூவில் பக்கிள் போடத் தொடங்கினேன் என்று குறித்துவைத்திருக்கிறார். அந்த ஷூ பக்கிள் மோகத்தோடு துளை போட்ட சட்டங்கள் குவிகின்றன. நம் பக்கிளில் துளை இல்லை. ஆகவே பெரும்பாலும் அதற்கு முந்தியது.

இன்னொன்றும் பார்த்தேன். ஓரத்தில் ஒரு இடத்தில் உலோகம் உள்ளே பாய்ந்த கழுத்தை வெட்டி அரம் போட்டு மழுக்கிய தழும்பு. அந்தக் காலத்தில் களிமண் அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரே ஓட்டை விட்டு, ஒரே ஊற்றலில் நிறையப் பக்கிள்கள் எடுத்திருக்கிறார்கள். லண்டனில் தோண்டியபோது அப்படிப்பட்ட அச்சுகள் கிடைத்திருக்கின்றன. நம்ம கோயமுத்தூர்ப் பவுண்டரிகளில் பிஸ்டன் ரிங்கை 'ஸ்டாக் மோல்டிங்'கில் எடுப்பது தெரியும் அல்லவா? அதே வேலைதான். பக்கிளை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது, அந்த மழுக்கல் கொஞ்சம் அவசரமாகச் செய்தது போலப் பட்டது. டஜன் கணக்கில் முடிக்க வேண்டியவன் கை. எனக்கு அந்த ஆளைத் தெரிந்த மாதிரி இருந்தது.

அதனால்தான் சொன்னேன், இது படைக்காரனுக்கென்று செய்த பக்கிள் இல்லை என்று. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாயின் பட்டனில் ரெஜிமெண்ட் எண் போட்டதே 1767-க்கு மேல்தான். 1644-ல் சண்டைக்குப் போனவனும், போகாமல் மாடு மேய்த்தவனும், இரண்டு பேருக்கும் சமாதானம் சொன்ன பாதிரியாரும் சந்தையில் ஒரே கூடையிலிருந்துதான் பக்கிள் வாங்கியிருப்பார்கள்.

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "படைக்காரனும் சந்தையில் வாங்கியிருக்கலாம் என்கிறீர்கள்" என்றார்.

"வாங்கியிருக்கலாம்" என்றேன்.

அக்டோபரில் அந்தப் பதிவு அதிகாரி பொருட்களைப் பார்க்கும் நாள் ஒன்று வந்தது. முப்பது வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. டிரைவர் பக்கிளை ஒரு சின்ன டப்பாவிலும், கூடவே இரண்டு ஐஸ்கிரீம் டப்பா நிறைய மற்ற சாமான்களையும் கொண்டுவந்திருந்தார். நாலு வருஷத்துச் சேகரம். பக்கிளை அந்தப் பெண் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தண்டில் பழுப்பாக ஒரு கறை இருப்பதைக் காட்டினாள். முள் இரும்பு, துருப்பிடித்துப் போயிருக்கிறது. ஒரு பக்க வளையத்தின் விளிம்பு மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது, முள் வந்து உட்காரும் இடம். வெகுகாலம் யாரோ தினமும் கட்டி அவிழ்த்திருக்கிறார்கள்.

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அன்றைக்கே நான் போனைப் பார்த்து எட்டு இலக்க கிரிட் எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தேன். பேட்டர்ன் ஷாப் புத்தி, எழுதாமல் எதையும் அலமாரியில் வைக்க மாட்டோம். எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம். அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். வரைபடத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இதே காட்டிலிருந்து தேய்ந்த காசு, ஈயத் துண்டு, பானை ஓடு எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கிறது. எரு வண்டியில் வந்திருக்கலாம்."

டிரைவருக்கு விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம்ம பக்கம் காட்டுக்குக் குப்பை அடிப்போம் இல்லையா? வீட்டுக் குப்பைக்குழியில் சாணி, சாம்பல், கூட்டிய தூசி எல்லாம் போட்டு மக்கவைத்து வண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அதனால்தான் ஏர் ஓட்டும்போது உடைந்த கண்ணாடி வளையல் துண்டு மின்னும். அந்தக் காட்டில் எந்தப் பெண்ணும் வளையலை உடைத்துக்கொண்டு நிற்கவில்லை. ஊருக்குள் உடைந்தது, குப்பையோடு வந்தது. அங்கேயும் அப்படித்தான். ஊர்க்கழிவையும் தொழு எருவையும் வண்டி வண்டியாகக் காட்டில் இறைத்திருக்கிறார்கள். முள் ஒடிந்த பக்கிளை ஒருவன் தூக்கிப் போட்டிருக்கிறான், அல்லது தொழுவத்தில் அறுந்து விழுந்திருக்கிறது.

குதிரைப்படை வீரன் கடைசியில் சாணி வண்டியில் வந்து இறங்கினான். வளையல் கதையை மகளை விட்டு டிரைவருக்குச் சொன்னேன். சிரித்தார், ஆனால் முழுசாகச் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. அந்தப் பெண் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, "இது எங்கே?" என்று கேட்டாள். இன்னும் இரண்டு பக்கிள், ஒரு மோதிரத் துண்டு, பட்டன்கள், ஒரு சின்னத் தையல் விரல்கவசம். டிரைவர் யோசிப்பார். "ஆற்றோரக் காடாக இருக்கும்" என்பார். அடுத்ததற்கு, "தெரியவில்லை" என்பார். அவள் முகம் சுளிக்கவில்லை. இடம் தெரிந்ததை ஒரு தட்டிலும் தெரியாததை ஒரு தட்டிலும் வைத்தாள். தெரியாத தட்டு நிறைந்துகொண்டே போயிற்று. அதில் ஒரு பக்கிள் நம்முடையதைவிட அழகு, அலங்காரம் செதுக்கியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அந்தத் தட்டிலேயே வைத்தாள். காலம் சொல்லலாம், பெயர் சொல்லலாம். ஆனால் எந்த ஊர்க்காரன் இடுப்பில் இருந்தது, பக்கத்தில் வேறென்ன கிடந்தது, அங்கே ஒரு காலத்தில் வீடு இருந்ததா, சந்தை கூடியதா என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடைக்குப் போட்ட பித்தளை மாதிரிதான். பேரீச்சம்பழக்காரனிடம் பாத்திரம் போட்டவர்களுக்குத் தெரியும். பாட்டி பெயர் வெட்டிய செம்பு தராசில் ஏறினால் பெயருக்கு எடை கிடையாது.

காரில் வரும்போது அவரே சொன்னார். முன்பெல்லாம் மனைவிதான் எழுதுவாளாம். அவள் கருவியைத் தொட்டதில்லை. வரப்பில் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கில் டீயோடு உட்கார்ந்து, இவர் கூப்பிட்டதும் வந்து எண் போட்டு, இடம் குறித்து, என்ன பொருள் என்று இவர் சொல்வதை எழுதிக்கொள்வாள். பதினைந்து வருஷம். "அவள் போனதும் நோட்டை எடுக்கவே இல்லை" என்றார்.

அன்று ராத்திரி நோட்டைக் கொண்டுவந்தார். மூன்று நோட்டு, நீல மை, குண்டு குண்டான எழுத்து. கடைசி எண் 412. ஒரு ஈயக் குண்டு. தேதி, காட்டின் பெயர், கிரிட் எண், பக்கத்தில் "மழை. சீக்கிரம் திரும்பிவிட்டோம்" என்று ஒரு குறிப்பு.

413 என்று நான் எழுதினேன். அவர் எழுதமாட்டேன் என்று என்னிடம் நோட்டைத் தள்ளிவிட்டார். இரட்டை வளையப் பக்கிள், வார்ப்பு, முள் இல்லை, 38 மி.மீ. என்று பேட்டர்ன் கார்டு எழுதுகிற மாதிரி எழுதினேன். அப்புறம் நாங்கள் ஊருக்குக் கிளம்பும்வரை, சாயங்காலங்களில் அந்தப் பகுதி வரைபடத்தை மேஜையில் விரித்துக்கொண்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தவற்றுக்கு இடம் தேடினோம். கஷ்டமான வேலை. "இது கிடைத்த அன்றைக்குப் பண்ணைக்காரர் நாய் என் ரொட்டியைத் தின்றது" என்பது மாதிரி ஏதாவது நினைவு வரும். அதைப் பிடித்துக்கொண்டு காட்டைக் கண்டுபிடிப்போம். வெறும் ஊகம் என்றால் எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இருநூற்றுக்கு மேற்பட்டதில் பதினேழுதான் தேறியது. செதுக்கல் பக்கிள் தேறவில்லை. அது அவருக்கு வருத்தம். எனக்கும்.

இதை எழுதும்போது வெள்ளலூர் ஞாபகம் வருகிறது. 1842-லேயே அங்கே ரோமாபுரி வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. நம் காட்டிலும் ஏர்முனையில் ஏதாவது தட்டுப்பட்டால், கழுவித் தேய்ப்பதற்கு முன்னால் எந்த வரப்பு, எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள்.

பிப்ரவரியில் டிரைவர் போன் செய்தார். பக்கிளின் பதிவு வந்துவிட்டதாம், மகளிடம் படித்துக் காட்டச் சொல்லி எனக்கும் அனுப்பியிருந்தார். செம்புக் கலவை, வார்ப்பு, இரட்டை நீள்வட்ட வளையம், முள் இல்லை, காலம் 1500 முதல் 1650 வரை.

"1644 அதற்குள் வருகிறது, பார்த்தீர்களா?" என்றார்.

"வருகிறது. 1510-ம் வருகிறது" என்றேன்.

"உங்கள் மாதிரி ஆட்களோடு காட்டுக்குப் போனது என் தப்பு" என்று சிரித்தார். இந்தத் தடவை முழுசாகவே சிரித்தார். நோட்டு 431-ல் இருக்கிறதாம். அவரே எழுதுகிறாராம். கையெழுத்து என்னுடையதைவிட மோசம் என்று மகள் சொன்னாள். மடக்கு நாற்காலியையும் காருக்குள் எடுத்துப் போட்டிருக்கிறாராம், செப்டம்பரில் நாங்கள் வருகிறோமா என்று கேட்டார். விசா தேதி பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.